தேமலுக்கும் கரப்பானுக்கும் ஒரே டியூபா?

 

நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் இதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்று பெரிய நோய்களே இருக்கும். தோல் நோய்க்கு யாரும் மனுக் கொடுப்பதில்லை. அரிப்பு, படை, தேமல் என்றால் மருந்துக் கடையில் ஒரு டியூப் வாங்கித் தடவினால் போதும் என்பது நம் ஊர்ப் பழக்கம். வாங்கிய டியூப் ஒருவரோடு நிற்பதும் இல்லை. அத்தாவின் இடுப்புப் படைக்கும், மகனின் முதுகுத் தேமலுக்கும், பேத்தியின் கரப்பானுக்கும் அதே டியூப்தான்.

இந்தப் பழக்கம் ஏன் ஆபத்தானது என்பதை விளக்குவதே இந்த மாதப் பாடத்தின் நோக்கம். சுருக்கம் இதுதான்: நம் எல்லோருடைய தோலிலும் வாழும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர், ஒருவருக்குத் தொற்றாகவும் இன்னொருவருக்கு ஒவ்வாமையாகவும் வரலாம். தொற்றில் ஈஸ்ட் உடலின் காவலை மீறிப் பெருகுகிறது. ஒவ்வாமையில் உடலின் காவல் தேவைக்கு மேல் கொந்தளிக்கிறது. ஆகவே ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குத் தீங்காகலாம்.

ஈஸ்ட் என்பது என்ன?

ஈஸ்ட் பூஞ்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒற்றைச் செல் உயிர். ரொட்டியையும் பன்னையும் உப்ப வைக்கும் ஈஸ்டை நாம் அறிவோம். உடலில் வாழும் ஈஸ்டுகள் வேறு இனங்கள். அவற்றில் இரண்டை அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது மலசீசியா. இது தோலில் வாழ்வது. 1874-இல் பிரான்சின் லூயி மலசே என்பவர் தலைப்பொடுகில் இதைக் கண்டு விவரித்தார். அவர் பெயரே இதற்கு வந்தது. இதற்குத் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. நம் தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசையை உண்டே வாழ்கிறது. அதனால்தான் தலை, முகம், கழுத்து, மார்பு, முதுகு ஆகிய எண்ணெய்ப் பசை மிகுந்த இடங்களில் அதிகம் குடியிருக்கிறது. பிறந்த சில வாரங்களிலேயே குழந்தையின் தோலுக்கு வந்துவிடுகிறது. பருவ வயதில் எண்ணெய்ச் சுரப்பு கூடும்போது இதுவும் கூடுகிறது.

இரண்டாவது கேண்டிடா. இது வாய், குடல், பிறப்புறுப்பு போன்ற ஈரமான இடங்களில் வாழ்வது. நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கும் ஏராளமானோரிடமும் இது உண்டு.

ஆகவே ஈஸ்ட் இருப்பதே நோய் அல்ல. அதை ஒரேயடியாக ஒழித்துவிடவும் முடியாது. அளவோடு வைத்திருப்பதுதான் உடலின் வேலை.

உடல் எப்படிக் காவல் காக்கிறது?

முதல் காவல் தோல்தான். அதன் மேலடுக்கு நன்றாக இருந்தால் ஈஸ்ட் வெளியிலேயே நிற்கும். தோலில் வெடிப்போ ஊறலோ ஏற்பட்டால் உள்ளே வழி கிடைக்கும்.

இரண்டாவது காவல் நம் வெள்ளை அணுக்கள். ஈஸ்டின் வெளிச்சுவரில் பீட்டா குளூகான் என்ற சர்க்கரைப் பொருள் இருக்கிறது. மனித உடலில் இந்தப் பொருள் கிடையாது. அதனால் நம் அணுக்களின் மேலுள்ள டெக்டின்-1 என்ற உணர்வி இதைத் தொட்டதும் வந்திருப்பது பூஞ்சை இனம் என்று அடையாளம் கண்டுவிடுகிறது. உடனே நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் வந்து ஈஸ்டை விழுங்கி அழிக்கின்றன.

மூன்றாவது காவல், பழகிய எதிரியை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள். இவற்றில் ஒரு பிரிவு ஐஎல்-17 என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது ஓர் அழைப்பு மணி போன்றது. அந்த மணி அடித்தால் நியூட்ரோஃபில்கள் கூடுகின்றன. தோலும் வாயின் உட்சவ்வும் நுண்ணுயிர்க்கொல்லிப் புரதங்களைச் சுரக்கத் தொடங்குகின்றன.

இந்த ஐஎல்-17 எவ்வளவு முக்கியம் என்பது 2011-இல் தெளிவானது. பிறவியிலேயே இந்தப் புரதத்திலோ, அதை ஏற்கும் உணர்வியிலோ மரபணுக் குறை உள்ள சிலரை ஆய்வாளர்கள் கண்டனர். அவர்களுக்குச் சிறு வயது முதலே வாய், தோல், நகங்களில் கேண்டிடா தொற்று விடாமல் இருந்தது. இத்தகைய குறைகளில் சில, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் நோயாகும். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தவர்களின் பிள்ளைகளுக்கு அதற்கான வாய்ப்பு சற்று அதிகம். மிக அரிதான நோய்தான். என்றாலும், கைக்குழந்தைப் பருவம் தாண்டிய பிள்ளைக்கு வாயில் வெள்ளைப் படலமும் நகத்தில் பூஞ்சையும் திரும்பத் திரும்ப வந்தால், சூடு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டி, பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்கள் என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

காவல் தளரும்போது வருவது தொற்று

1981 ஜூனில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஐந்து இளைஞர்களின் விசித்திரமான நோய் பற்றி ஓர் அறிக்கை வெளியானது. எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை அதுவே. அந்த ஐவருக்கும் நுரையீரல் நோயோடு கேண்டிடா தொற்றும் இருந்தது. நம் நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது 1986-இல் சென்னையில் வெளிப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டபோது அது உறுதியானது. எச்.ஐ.வி. அழிப்பது, மேலே சொன்ன அழைப்பு மணியை அடிக்கும் டி செல்களைத்தான். காவலர்கள் குறைந்ததும் அதுவரை வாயில் அமைதியாக இருந்த கேண்டிடா வெள்ளைப் படலமாகப் படர்கிறது.

வாயில் வெள்ளைப் படலம் என்றாலே அந்த நோய்தான் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நம் வீடுகளில் இதற்கு வேறு காரணங்களே அதிகம்.

கைக்குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி முதிராததால் இது வருகிறது. நம் பெரியவர்கள் இதை அக்கரம் என்பார்கள். பால் படிந்தது துடைத்தால் போய்விடும். இது எளிதில் போகாது, அழுத்தித் துடைத்தால் அடியில் சிவந்திருக்கும். துணி வைத்து உரசிப் புண்ணாக்க வேண்டாம். மருத்துவர் தரும் சொட்டு மருந்தில் குணமாகும்.

பெரியவர்களிடம் முதல் காரணம் சர்க்கரை நோய். ஐ.சி.எம்.ஆர். நிறுவனத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ரத்தத்தில் சர்க்கரை கூடும்போது நியூட்ரோஃபில்களின் வேகம் குறைகிறது. ஈஸ்டுக்கு உணவும் தாராளமாகக் கிடைக்கிறது. தொடை இடுக்கு, அக்குள், மார்பின் அடிப்பகுதி, கால் விரல் இடுக்கு ஆகிய இடங்களில் சிவந்து ஊறி எரிச்சல் தரும். சர்க்கரை கட்டுக்குள் வராமல் களிம்பு மட்டும் தடவினால் மறுபடி மறுபடி வரும். சிலருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே இந்தப் புண்ணை வைத்துத்தான் தெரிய வருகிறது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. நல்ல மருந்துகள்தான். ஆனால் இவற்றைச் சாப்பிடுபவர்களில் சிலருக்குப் பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்று வரலாம். வந்தால் மாத்திரையை நாமாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் மருந்து சாப்பிட்ட பின்னும், கர்ப்ப காலத்திலும் பெண்களுக்குக் கேண்டிடா தொற்று வருவது சகஜம். தயிர் திரிந்தது போன்ற வெள்ளைப்படுதலும் கடுமையான அரிப்பும் இதன் அடையாளம். நம் சகோதரிகள் வெட்கத்தால் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். இது ஒழுக்கத்தோடு சம்பந்தப்பட்ட நோய் அல்ல, யாருக்கும் வரலாம், சில நாள் மருந்தில் குணமாகும். பெண் மருத்துவரிடமோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ தயங்காமல் சொல்லலாம்.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள், ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல்செட் போட்டவர்கள் இரவில் அதைக் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும்.

காவல் அளவு மீறும்போது வருவது ஒவ்வாமை

இப்போது மறுபக்கம். பரம்பரைக் கரப்பான் உள்ள பிள்ளைகளைப் பார்த்திருப்போம். முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து, முகம் ஆகிய இடங்களில் வறண்டு, சிவந்து, இரவெல்லாம் சொறியும். அந்தக் குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமாவோ அடுக்குத் தும்மலோ இருக்கும்.

இவர்களுக்குத் தோலின் மேலடுக்குப் பலவீனமானது. அதன் வழியே மலசீசியாவின் புரதங்கள் உள்ளே கசிகின்றன. நல்ல தோல் உள்ளவருக்கு அந்த ஈஸ்ட் அமைதியான குடித்தனக்காரர். கரப்பான் உள்ளவர்களில் பலரின் உடலோ அதை எதிரியாக எழுதிக்கொண்டு, ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. முகமும் கழுத்தும் விடாமல் சிவந்திருக்கும் பெரியவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலசீசியாவின் சில புரதங்கள் மனித உடலின் புரதங்களைப் போலவே இருக்கின்றன. ஈஸ்டை எதிர்க்கக் கற்றுக்கொண்ட காவல் அணுக்கள், அடையாளம் தெரியாமல் சொந்த உடலின் செல்களையும் தாக்கக்கூடும். கரப்பான் ஆறாமல் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

வியர்த்தால் அரிப்பு கூடுகிறது என்று இவர்கள் சொல்வதும் கற்பனை அல்ல. வியர்வையில் கலந்துள்ள மலசீசியாவின் ஒரு புரதமே பலருக்கு இந்த ஒவ்வாமையைத் தருகிறது என்று ஜப்பானின் ஹிரோஷிமா ஆய்வாளர்கள் 2013-இல் கண்டறிந்தனர். நம் மாவட்டத்து வெயிலுக்கு, வியர்த்த சட்டையை மாற்றுவதும் மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வதுமே பாதி வைத்தியம்.

தேமல்: சம்பந்தத்தைத் தடுக்கும் நோய் அல்ல

தேமலை உண்டாக்குவதும் இதே மலசீசியாதான். சூடும் புழுக்கமும் உள்ள பருவத்தில், தோலின் மேல் அது நூல் போல் நீண்டு பெருகுகிறது. உடலின் காவல் இதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை; அதனால்தான் தேமலில் வீக்கமோ வலியோ இருப்பதில்லை, அரிப்பும் லேசாகவே இருக்கும். அந்த ஈஸ்ட் வெளியிடும் பொருள்கள் தோலின் நிறமி உற்பத்தியைத் தடுப்பதால் அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. சொரிந்து பார்த்தால் பொடி போல் செதில் உதிரும்.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோர ஊர்களில் ஈரக் காற்றும் வியர்வையும் சேர்ந்து தேமலுக்கு வசதியாகிவிடுகின்றன. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும் நோய் அல்ல; ஈஸ்ட் எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளைகளுக்குச் செல்லாது. ஆனால் கழுத்தில் தேமல் உள்ள ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, வெண்குஷ்டமோ என்று காதோடு காது பேசிச் சம்பந்தத்தை நிறுத்துவது நம்மிடையே நடக்கத்தான் செய்கிறது. அந்தப் பெண்ணுக்கும் அவளைப் பெற்றவர்களுக்கும் இது பெரிய அநியாயம்.

வெண்புள்ளி நோய் என்பது பால் போல் முழுவதும் வெளுத்து, செதில் இல்லாமல் இருக்கும். அதுவும் ஒட்டுவது இல்லை. வெளிறிய இடத்தில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால் மட்டும் தொழுநோயாக இருக்கலாம். உடனே அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். அதற்கும் இலவச மருந்து உண்டு, முழுக் குணமும் உண்டு.

தேமல் மருந்துக்கு ஈஸ்ட் சீக்கிரம் அழிந்துவிடும். ஆனால் தோல் பழைய நிறத்துக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். மருந்து கேட்கவில்லை என்று நினைத்து வேறு வேறு டியூபுக்குத் தாவுவது இந்த இடைவெளியில்தான்.

எல்லாவற்றையும் அடக்கும் டியூப்

கடையில் கேட்காமல் கொடுக்கும் பல டியூப்களில் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டின் வேலை உடலின் காவலை அடக்குவது. கரப்பானில் காவல்தான் கொந்தளிக்கிறது. ஆகவே மருத்துவர் அளவு பார்த்துத் தரும் ஸ்டீராய்டு அங்கே நல்ல மருந்து. தொற்றிலோ, ஈஸ்டைத் தடுத்து நிற்பதே அந்தக் காவல்தான். அதை அடக்கினால் அரிப்பும் சிவப்பும் இரண்டு நாளில் மறையும். நோய் போய்விட்டதாகத் தோன்றும். அடியில் பூஞ்சை தடையின்றிப் பரவும். நிறுத்தியதும் முன்னைவிட அகலமாக வரும். மறுபடி அதே டியூப்.

இதன் விளைவை நம் நாடு கண்ணால் கண்டுவிட்டது. படர்தாமரை உண்டாக்குவது ஈஸ்ட் அல்ல, அதன் இன்னொரு உறவுப் பூஞ்சை. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியா முழுவதும் அது குடும்பம் குடும்பமாகப் பரவி, வழக்கமான மருந்துக்கு அடங்காத நிலைக்கு வந்தது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மனம் போல் தடவியதை முக்கியக் காரணங்களில் ஒன்றாகத் தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த அடங்காத வகைக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்று பெயரிட்டனர். இந்தியாவின் பெயரே அதில் சேர்ந்துவிட்டது. வளைகுடா உட்படப் பல நாடுகளிலும் இன்று அது காணப்படுகிறது.

2018 மார்ச்சில் மத்திய அரசு, 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்யப்பட்ட 328 கலவை மருந்துகளிலும் இத்தகைய களிம்புகள் சில இருந்தன. சட்டம் இருக்கிறது, நாம் கேட்பதை நிறுத்தினால்தான் அது பலிக்கும்.

டியூபை வாங்கியதும் பெயரைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முகம் சிவக்க என்று பெண்பிள்ளைகள் பூசும் சில க்ரீம்களிலும் இவை உண்டு. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரியும், பருவும் முடியும் வரும். அதே நேரம், நீண்ட நாள் பூசியவர்கள் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவர் சொல்படி குறைக்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. ஒளு செய்யும்போது கால் விரல்களுக்கிடையே கிலால் செய்கிறோம். முடிந்ததும் அந்த இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்கள். ஈரக் காலோடு உடனே காலுறை, ஷூ போட வேண்டாம்.

2. பாத்திரம், மீன், துணி என்று நாள் முழுவதும் தண்ணீரில் கை வைப்பவர்களுக்கு நகச்சுற்று வந்து நீடிப்பது பெரும்பாலும் கேண்டிடா துணையோடுதான். வேலை முடிந்ததும் கையை உலர்த்துங்கள். நகக்கண்ணின் தோலை வெட்டாதீர்கள்.

3. ஜைத்தூன் எண்ணெய் உணவுக்கு நல்லது. ஆனால் மலசீசியாவை ஆய்வகத்தில் வளர்ப்பதற்கே ஆலிவ் எண்ணெய் ஊற்றுகிறார்கள். தேமல் மேலும், பொடுகு உள்ள தலையிலும் எண்ணெய் தேய்த்து ஊற வைக்க வேண்டாம்.

4. ரொட்டி, பன் சாப்பிடுவதை நிறுத்தினால் தேமல் போகாது. அந்த ஈஸ்ட் வேறு, இது வேறு.

5. கரப்பான் பிள்ளைகளுக்குக் குளித்த உடனே, மருத்துவர் சொன்ன ஈரப்பதக் களிம்பைப் பூசுங்கள். அது வெடித்த சுவரைப் பூசி அடைப்பது போன்றது.

6. ஒருவருக்கு எழுதிய டியூபை இன்னொருவர் தொட வேண்டாம்.

புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் செதிலைச் சுரண்டி நுண்நோக்கியில் பார்த்தால், ஈஸ்டா வேறொன்றா என்று பெரும்பாலும் அன்றே தெரிந்துவிடும். வலி இல்லாத சோதனை. போகும்போது இதுவரை பூசிய டியூப்களை, காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருத்துவருக்கு அதுவே பாதி விவரம்.

அல்லாஹ் நம் குடும்பங்களுக்கு நலமான வாழ்வைத் தந்தருள்வானாக.